தவக்காலத்தில் விட்ட ஆட்டம்

அம்மா இறந்த வயதை நான் எட்டிய வருடம், என் நாடியை நானே எண்ணத் தொடங்கினேன். பால் காய்ச்சும்போதும், டவுன் பஸ்ஸில் நிற்கும்போதும், கோயிலில் முழந்தாளிட்டிருக்கும்போதும் வலது கையின் இரண்டு விரல்கள் இடது மணிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மாவுக்கு ஒரு நோயும் இருந்ததில்லை. ஒரு மதியம் பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, நெஞ்சு என்னவோ பண்ணுகிறது என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தாள், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். எந்த நாள் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டி ஓட்டுகிற லோகோ பைலட். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவருக்கு டியூட்டி அழைப்பு எந்நேரமும் வரும். பாதிச் சோற்றில் எழுந்து போயிருக்கிறார். என்ஜினில் ஏறியதும் போனை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. ஈரோட்டிலோ ஜோலார்பேட்டையிலோ ரன்னிங் ரூம் என்கிற ஓய்வறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மறுபடி போடுவார். அதுவரை வீட்டில் நானும் என் பயமும் மட்டும். பயத்துக்கும் சேர்த்து ஒரு ரேஷன் கார்டு வாங்கிவிடலாம் என்று அவர் கேலி செய்வார்.

அது வருகிற விதம் இதுதான். நன்றாக இருப்பேன். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை சில்லிடும். காது அடைக்கும். இதோ வந்துவிட்டது, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று ஈரக்குலை நடுங்கும். அவருக்குப் போன் போடுவேன். எடுத்தால் பேச வராது, மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான் போகும். "உக்காரு. முதல்ல உக்காரு. தண்ணி குடி. பக்கத்து ஊட்டு அக்காவக் கூப்பிடு" என்று அங்கிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். அடங்கிய பிறகு எனக்கு வெட்கமாக இருக்கும். அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதேயில்லை.

ஈசிஜி எடுத்தார்கள். எக்கோ பார்த்தார்கள். டிரெட்மில்லில் நடக்கவிட்டும் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். அந்தச் சொல்லைப் போல என்னைக் கலங்கடித்தது வேறில்லை. அம்மாவையும் யாராவது அந்த வாரம் பார்த்திருந்தால் நார்மல் என்றுதானே சொல்லியிருப்பார்கள்?

கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர் போலிருந்தார். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "ஹார்ட் நல்லா இருக்கு. பயம்தான் அதிகமா இருக்கு. ஏதாவது விளையாடுங்கம்மா" என்றார்.

"வாக்கிங் போறேன் டாக்டர்."

"வாக்கிங்னா யோசிச்சுக்கிட்டே நடப்பீங்க. பந்து வந்தா யோசிக்க நேரம் இருக்காது."

ஃபீஸ் வாங்கிக்கொண்டு விளையாடச் சொல்கிற டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியதை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், அதுவும் சேலம் ஜங்ஷனில், நகர்ந்துகொண்டிருந்த ரயிலைப் பிடிக்க.

ஆனால் பந்து தானாக வந்தது. எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களுக்குள், அன்பியம் என்று உண்டு; பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபம் செய்கிற சிறு குழு. பங்குத் திருவிழாவையொட்டி அன்பியங்களுக்குள் போட்டி நடக்கும். ஆண்களுக்குக் கயிறு இழுப்பது, குழந்தைகளுக்கு லெமன் ஸ்பூன், பெண்களுக்கு த்ரோபால். எங்கள் அன்பியத்தில் ஏழு பேர் தேறவில்லை. ஆறோடு நின்றது. அந்த ஆறிலும் ஒருத்தி கிறிஸ்தவரே இல்லை, பக்கத்து வீட்டு அக்காதான். ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர், புருஷன் ரயில்வேயில் சிக்னல் பிரிவு. பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் ஆடியவர் என்பதால் ஃபாதரே கண்டும் காணாமல் விட்டிருந்தார். அக்கா ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏழாவது ஆளா வந்து சும்மா நில்லு சாமி. பந்து உன்கிட்ட வராமப் பாத்துக்கறேன்" என்றார்.

பந்து என்னிடம்தான் வந்தது. எதிரணிக்கு ஆள் பார்க்கத் தெரியாதா என்ன?

போட்டிக்கு முன்னால் பக்கத்து அன்பியத்தோடு ஒரு பழக்க ஆட்டம், கோயிலுக்குப் பின்னால் சமூகக்கூடத்தை ஒட்டிய மண் மைதானத்தில். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றோம். த்ரோபாலில் பந்தை இரண்டு கையாலும் பிடித்து உடனே வலைக்கு மேலே எறிந்துவிட வேண்டும். பந்து உடம்பில் படக்கூடாது. நானோ வருகிற பந்தையெல்லாம் அழுகிற குழந்தையை வாங்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அணைப்புக்கும் ஒரு பாயிண்ட் போனது. "நெஞ்சுல வெக்காத! கையில புடி, வுட்டெறி!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினார்.

அரை மணி நேரத்தில் அது வந்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. காது அடைத்தது. நான் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, எனக்கு என்னவோ பண்ணுது. நெஞ்சு பாருங்க, எப்படி அடிக்குதுன்னு." எல்லாரும் சுற்றி வந்துவிட்டார்கள். அக்கா குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் கையை என் விரலுக்கு அடியில் நீட்டினார். "என்னோடதப் புடிச்சுப் பாரு."

பிடித்தேன். திக் திக் என்று என்னுடையதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அணியில் இருந்த டீச்சர் ஒருவரும் கையை நீட்டினார். அதுவும் அப்படித்தான். ஒருத்தி பின் ஒருத்தியாக அத்தனை பேரும் நீட்டினார்கள். நான் வைத்தியச்சி மாதிரி மண்ணில் உட்கார்ந்துகொண்டு எல்லாருடைய நாடியையும் பிடித்துப் பார்த்தேன். எல்லார் நெஞ்சும் தறிகெட்டுத்தான் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் சாகப் போகிற மாதிரி தெரியவில்லை. ஒருத்தி குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தாள்.

"ஓடுனா அடிக்கத்தான் செய்யும். அடிக்கலைன்னாத்தான் பயப்படோணும். எந்திரி" என்றார் அக்கா.

டாக்டர்கள் யாரும் இதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை என்று கோபப்பட முடியாது. சொல்லியிருப்பார்கள், நான்தான் காதில் வாங்கியிருக்கமாட்டேன். சொல்லிக் கேட்பது வேறு, ஆறு பேருடைய மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பது வேறு. அன்று முதல் நெஞ்சு அடித்துக்கொண்டால் எனக்குக் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது: இது அதுவா, ஆட்டமா? பல சமயம் பதில் தெரியாது. ஆனால் கேட்கிற நேரத்துக்குள் கொஞ்சம் அடங்கிவிடும்.

போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம். ஆனால் ஆடுவதை விடவில்லை. வாரத்தில் நாலைந்து சாயங்காலம், வெயில் இறங்கியதும் கூடிவிடுவோம். மூன்று மாதத்தில் என் உடம்பு எனக்கே புதுசாக இருந்தது. ஜங்ஷன் மேம்பாலப் படியில் நடுவில் நிற்காமல் ஏறினேன். எல்லையில் நின்ற சர்க்கரை கீழே இறங்கியது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க ஆள் தேடவில்லை. ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. அதை எழுதும்போது இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. சோறு ருசித்தது. சின்ன விஷயத்துக்கு மகளிடம் எரிந்து விழுவது குறைந்தது. "அம்மா, நீ போன்ல சிரிக்கிற" என்று அவள் ஒருநாள் குற்றச்சாட்டு மாதிரி சொன்னாள். விரல் பிசகி வீங்கியது, முட்டியில் தோல் உரிந்தது. இந்த வயதில் முட்டியில் சிராய்ப்போடு பூசைக்குப் போய் முழந்தாளிடுவதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது வாடகை கொடுக்காமல் பின்கட்டில் குடியிருந்தது. ஆனால் நடுக்கூடத்துக்கு வருவதில்லை.

அந்த நேரத்தில்தான் சாம்பல் புதன் வந்தது.

அன்று தொடங்கி ஈஸ்டர் வரைக்குமான தவக்காலத்தில் நாங்கள் எதையாவது விடுவோம். கறி மீன் விடுவது எல்லாரும் செய்வது. அதற்கு மேல் அவரவர் ஒன்று வைத்துக்கொள்வார்கள். ஒருத்தர் டீ, ஒருத்தர் சீரியல், ஒருத்தர் வெற்றிலை. நமக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை விட்டால்தான் ஒறுத்தல் என்று சின்ன வயதிலிருந்து பழக்கியிருக்கிறார்கள். கறி இல்லாமல் என்னால் வருடம் பூராவும் இருக்க முடியும், அதில் என்ன ஒறுத்தல் இருக்கிறது?

எனக்கு அந்த வருடம் பெரிய வேண்டுதல் ஒன்று இருந்தது. ரயில் ஓட்டுகிறவர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் உடல் பரிசோதனை உண்டு. குடியிருப்பில் அதை மெடிக்கல் என்போம். கண், காது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். தேறவில்லை என்றால் என்ஜினிலிருந்து இறக்கி ஏதாவது ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். போன தடவையே அவருக்குப் பிரஷர் விளிம்பில் நின்றிருந்தது. இந்தத் தடவை மெடிக்கல் தவக்காலத்தின் நடுவில் வந்தது. மேஜை வேலை கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் இந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, தூரத்தில் ஹாரன் கேட்டால் எந்த என்ஜின் என்று சொல்லுகிறவர். அவரை ஜன்னல் இல்லாத அறையில் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான் கணக்குப் போட்டேன். எனக்கு இப்போது உலகத்தில் ரொம்பப் பிடித்தது எது? த்ரோபால். அதை விடுகிறேன், ஆண்டவரே, அவரை மெடிக்கலில் தேற வையும். நெற்றியில் சாம்பல் பூசிய கையோடு பேரம் முடிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. கொடுப்பதைத் தம்பட்டம் அடிக்கக்கூடாது என்பதும் சின்ன வயதுப் பழக்கம்தான்.

அக்கா வந்து கூப்பிட்டார். முட்டி வலி என்றேன். மறுநாள் தலைவலி என்றேன். மூன்றாம் நாள் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன் சாமி, சண்டையா?" என்றார். சாயங்காலமானால் மைதானத்திலிருந்து அவர்கள் கத்துவது கேட்கும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு ஜெபமாலை சொல்வேன்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. இரண்டாம் வாரம் தூக்கம் போனது. அதற்கடுத்து விரல்கள் மறுபடி மணிக்கட்டுக்குப் போயின. ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்தில், எல்லாரும் முழந்தாளிட்டிருந்தபோது, அது வந்தே விட்டது. இது அதுவா, ஆட்டமா என்று கேட்டுப் பார்த்தேன். ஆட்டமே இல்லாதபோது அந்தக் கேள்விக்கு என்ன வேலை? கோயிலை விட்டு வெளியே ஓடிவந்து படியில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன். நல்லவேளை, ரன்னிங் ரூமில் இருந்தார். "உக்காரு, முதல்ல உக்காரு" என்ற பழைய குரலை அன்று மறுபடி கேட்டேன்.

பிறகு தினமும் வந்தது. தவறு எங்கே என்று எனக்கு உறைக்கவில்லை. பேரத்தில் பிடிவாதமாக இருந்தேன்; கஷ்டமாக இருக்கிறது என்றால் ஆண்டவர் ஏற்றுக்கொள்கிறார் என்று அர்த்தம் செய்துகொண்டேன். மெடிக்கலுக்கு முந்தின இரண்டு நாளும் அவர் ஓய்வில் வீட்டில்தான் இருந்தார். நன்றாகத் தூங்கிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். தூங்கவிட்டேனா நான்? இரண்டு ராத்திரியும் என் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

காலையில் போனார். மத்தியானம் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். பிரஷர் ஏறிக் கிடந்தது. மூன்று தடவை பார்த்தார்களாம், மூன்று தடவையும் ஏறியே இருந்ததாம். இப்போதைக்கு வண்டி ஓட்டக்கூடாது, மாத்திரை எழுதியிருக்கிறது, இரண்டு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும், அப்போதும் இறங்கவில்லை என்றால் மேஜைதான்.

"நான் வேண்டிக்கிட்டேனே" என்று வாய்விட்டு அழுதேன். "எதை?" என்று கேட்டார். சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்போ முட்டி வலி இல்லியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "எனக்காகவா விட்ட?" என்று கேட்டுவிட்டு முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் கணக்கு எனக்கு விளங்கியது. அவர் பிரஷர் இறங்கியிருக்க வேண்டும் என்றால் நான் கொடுக்கக்கூடாத ஒரே பொருளைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தேன்.

ஆனால் நேர்ச்சையை நடுவில் முறிப்பது எப்படி? முறித்து, அதற்குத் தண்டனையாக இரண்டாம் தடவையும் அவர் தோற்றுப்போனால்? அந்தப் பயம் பழையதைவிடப் பெரிதாக வந்து உட்கார்ந்தது. ஞாயிறு பூசை முடிந்து, அடுத்த பூசைக்கு வேறு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஃபாதரைப் பைக்கருகில் நிறுத்திக் கேட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார் என்று நினைக்கிறேன்.

"நேர்ச்சையை மாத்திக்கலாம்மா. வேற எது பிடிக்கும் உங்களுக்கு?"

"டீ, ஃபாதர்."

"அப்ப டீயை விடுங்க. சாயங்காலம் ஆடப் போங்க."

டீயை விட்ட மறுநாளே மண்டை பிளந்தது. ஒறுத்தல் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கறிய வுட்டது பத்தாதுன்னு ஆட்டத்தக் கேட்டாராக்கும் உங்க சாமி?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் என்னை முன்வரிசையில் நிறுத்தி, ஒரு பந்து விடாமல் என் பக்கமே வரவழைத்துத் திணறடித்தார். வீட்டுக்காரர் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தார். நாலாம் நாள் நான் விடியும் வரை தூங்கினேன். அவரும் தூங்கினார் என்று காலையில் குறட்டையிலிருந்து தெரிந்தது.

மறுபடி மெடிக்கல் வந்த காலையில் நானும் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "நீ வர வேண்டாம்" என்றார்.

"வெளியிலதான் உக்காந்திருப்பேன்."

"நீ வெளிய உக்காந்திருக்கறத நெனச்சா உள்ள எனக்கு ஏறும். நீ கிரவுண்டுக்குப் போ. அங்க ஆடிட்டு இருக்கேன்னு தெரிஞ்சா போதும்."

காலை பத்து மணிக்கு யார் ஆட வருவார்கள்? அவர் போன பிறகு வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அக்கா பார்த்தார். என்ன என்று கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் ஆள் கூட்டினார். சமைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நைட்டியோடு வந்தாள். நாலு பேர் தேறினோம். பங்குனி வெயிலில் மைதானம் சுட்டது. சமூகக்கூடத்தின் நிழல் விழுந்த பக்கம் மட்டும் கோடு போட்டுக்கொண்டு ஆடினோம். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போன பெண்கள் எங்களை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

போனைப் படியில் வைத்திருந்தேன். கண் அங்கேயே போனது. பந்து வந்து தோளில் மோதியது. "இங்க பாரு!" என்று அக்கா கத்தினார். இங்கே பார்த்தேன். பிடித்தேன், எறிந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. இது அதுவா, ஆட்டமா? தெரியவில்லை. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார்களே, அந்த நேரமாக இருக்கும் என்று நினைத்தபோது மட்டும் கண் மறுபடி படிக்குப் போனது. அப்போதும் பந்து வந்தது.

சர்வீஸ் என் கைக்கு வந்தபோது போன் அடித்தது.

பந்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எடுத்தேன். எனக்குப் பேச வரவில்லை. மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

அவர் ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. "என்ன ஆச்சு? மறுபடியும் வந்துருச்சா? உக்காரு. முதல்ல உக்காரு. அக்கா இருக்காங்களா பக்கத்துல? நான் இதோ வாரேன், வந்துர்றேன்." குரல் நடுங்கியது. இத்தனை வருடம் அந்தக் குரலை நான் தைரியம் என்றே நினைத்து வந்திருக்கிறேன்.

"இல்லைங்க. ஆடிட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"ஆடிட்டா இருந்த?"

"ஆமாங்க. நம்ம சர்வீஸ்."

அவர் பெருமூச்சு விட்டது காதில் சூடாக விழுந்த மாதிரி இருந்தது. ரிசல்ட் என்ன என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அதுவா, ஃபிட்டுதான்" என்றார், பால் பாக்கெட் வாங்கியாயிற்று என்பது போல. பிறகு மெதுவாக, "போன வைக்காத. அப்படியே படியில வெச்சுட்டுப் போய் ஆடு. கொஞ்ச நேரம் கேட்டுட்டு இருக்கேன்" என்றார்.

போனைப் படியில் வைத்துவிட்டுப் போய் சர்வீஸ் போட்டேன்.